பெரிய நாட்டோடு கையெழுத்துப் போடும்போது

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும்: வளர்ந்துவரும் பொருளாதாரங்களும் பழைய வல்லரசுகளும் உண்மையிலேயே பங்காளிகளாக இருக்க முடியுமா? இலங்கை போன்ற ஒரு நாடு சீனா, இந்தியா, ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா என்ற வரிசையில் யாரோடு சேர்ந்தால் தப்பும்? ஆனால் நீங்கள் எடுத்துக்காட்டிய மூன்று விஷயங்களும் அம்பாந்தோட்டைத் துறைமுகம், மன்னார் காற்றாலை, கைவிட்ட இலகு ரயில். அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் மனதில் உள்ள கேள்வி வேறு என்று படுகிறது. எல்லாரும் எங்களை ஏமாற்றுகிறார்களா, அல்லது நாங்களே கெடுத்துக்கொள்கிறோமா என்றுதான் கேட்கிறீர்கள். அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். கொழும்புக் கோட்டையில் ஏற்றுமதிக் கம்பனிகளின் ஆவண வேலையில் தொடங்கி, பிறகு வர்த்தக உடன்படிக்கைகளின் பின்னிணைப்புகளை வாசித்து, "இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது" என்று தொழிற்சாலைக்காரருக்குச் சொல்லும் வேலைக்கு வந்தவன் நான். தீர்வை, ஒதுக்கீடு, சான்றிதழ், கடன் நிபந்தனை என்றால் பேசலாம். கடற்படை, உளவு, தளம் இவை என் துறை இல்லை. 2022 ஓகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் எதற்காக அம்பாந்தோட்டைக்கு வந்தது என்று என்னிடம் கேட்டுப் பயனில்லை.

சமம் என்ற எதிர்பார்ப்பை முதலிலேயே ஒரு பக்கம் வைத்துவிடலாம். புறக்கோட்டை மொத்த வியாபாரியும் ஊர்ச் சில்லறைக் கடைக்காரரும் ஒருநாளும் சமமில்லை. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக இருவருக்கும் கணக்கு நடக்கிறது, ஏனென்றால் மற்றவர் இல்லாவிட்டால் இருவருக்குமே நட்டம். நாடுகளுக்கிடையிலும் அளவு சமமாகாது, தேவை சமமாகலாம். எங்கள் வரலாற்றில் இதற்கு ஆகச் சிறந்த உதாரணம் 1952 இல் சீனாவோடு செய்த இறப்பர்–அரிசி ஒப்பந்தம். கொரிய யுத்தம் நடந்துகொண்டிருந்தது. சீனாவுக்குப் போருக்கு உதவும் பொருட்களை அனுப்பக்கூடாது என்று 1951 மேயில் ஐ.நா. தீர்மானம் போட்டது, இறப்பரும் அதற்குள் அடங்கியது. இலங்கை அப்போது ஐ.நா.வில் உறுப்பினரே இல்லை, 1955 இல்தான் சேர்ந்தது. இறப்பர் விலை விழுந்துகொண்டிருந்தது, அரிசி விலை ஏறிக்கொண்டிருந்தது. வர்த்தக அமைச்சர் ஆர். ஜீ. சேனநாயக்க பேசி முடித்த உடன்படிக்கையின்படி ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் போகும், 270,000 தொன் அரிசி வரும், ஐந்து ஆண்டுகளுக்கு. இறப்பருக்குச் சந்தையை விடக் கூடிய விலை, அரிசிக்குச் சந்தையை விடக் குறைந்த விலை. இரண்டு நாடுகளுக்கும் இடையில் அப்போது தூதரகம் கூடக் கிடையாது, அது 1957 இல் வந்தது. கையெழுத்துப் போட்டது இடதுசாரிகளும் இல்லை, டட்லி சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம். அமெரிக்கா கோபித்து உதவியை நிறுத்தியது. ஒப்பந்தம் புதுப்பித்துப் புதுப்பித்து 1982 வரை ஓடியது.

இதைக் கொழும்பில் நட்புக்குச் சான்றாகத்தான் மேடையில் பேசுவார்கள். எனக்கு அதில் நட்பை விடக் கணக்குத்தான் தெரிகிறது. எவ்வளவு போகும், எவ்வளவு வரும் என்பது தொன் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. விலை அவ்வப்போது மீண்டும் பேசப்பட்டது. யாரும் யாருக்கும் நீண்டகாலக் கடன்காரர் ஆகவில்லை. கொரிய யுத்தம் முடிந்து சீனாவின் அவசரம் தணிந்ததும் இறப்பருக்கான அந்தக் கூடிய விலையும் பழையபடி இருக்கவில்லை. அதில் தப்பில்லை. தேவை குறைந்தால் பேரம் குறையும். அதற்குள் நாங்கள் ஒரு பஞ்சக் காலத்தைக் கடந்துவிட்டிருந்தோம்.

வளர்ந்துவரும் பெரிய நாடுகள் இந்தக் கணக்கை எங்களை விட நன்றாகக் கற்றுக்கொண்டன. இந்தியாவின் மாருதியை எடுங்கள். 1982 இல் சுசுக்கி 26 வீதப் பங்கோடு உள்ளே வந்தது, அரசாங்கம் பெரும்பான்மைப் பங்குதாரர். ஜப்பானின் மற்றப் பெரிய கம்பனிகளுக்கு முன்னால் சுசுக்கி அப்போது சிறியது. அதற்கும் ஒரு சந்தை வேண்டியிருந்தது. 1983 கடைசியில் மாருதி 800 வீதிக்கு வந்தது. காலப்போக்கில் இந்திய உதிரிப்பாகத் தொழில் ஒன்று அதைச் சுற்றி வளர்ந்தது. 2002 இல் பெரும்பான்மைப் பங்கு சுசுக்கியிடம் போனது, ஆனால் அதற்குள் இந்தியாவில் கார் செய்யத் தெரிந்தவர்கள் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். சீனா இன்னும் கறாராகப் போனது. 2004 இல் அதிவேக ரயிலுக்கு விலைமனு கோரியபோது, உள்ளூர்க் கம்பனியோடு சேர்ந்து தொழில்நுட்பத்தைக் கொடுக்கச் சம்மதிப்பவர்கள்தான் உள்ளே வரலாம் என்றது. கவாசாக்கி, அல்ஸ்ரொம், பொம்பாடியர், பிறகு சீமென்ஸ் எல்லாம் வந்தன. சில ஆண்டுகளில் அதே சீனக் கம்பனிகள் வெளிநாட்டு விலைமனுக்களில் இவர்களுக்கே போட்டியாக நின்றன. கவாசாக்கியில் அதைப் பற்றி இன்னும் கசப்பு உண்டு. கிட்டடியில் நடந்ததைச் சொன்னால், சுவிற்சர்லாந்து, நோர்வே, ஐஸ்லாந்து, லீச்சென்ஸ்டைன் என்ற நான்கு நாடுகளோடு இந்தியா 2024 மார்ச்சில் செய்த உடன்படிக்கை. 15 ஆண்டுகளில் 100 பில்லியன் டொலர் முதலீடு என்ற இலக்கு அதில் எழுத்தில் இருக்கிறது. அது வந்து சேராவிட்டால் இந்தியா தன் தீர்வைச் சலுகையைத் திரும்ப எடுக்க வழியும் இருக்கிறது. பழைய பணக்கார நாடுகளிடம் இப்படி ஒரு வாசகத்தை எழுதி வாங்குவது சின்ன விஷயமில்லை.

இதைப் படித்துவிட்டு "நாங்களும் அப்படிச் செய்யலாமே" என்று எழுதுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். சீனாவும் இந்தியாவும் விற்றது தங்கள் சந்தையின் அளவை. அந்தச் சரக்கு எங்கள் கடையில் இல்லை. மூலப்பொருளை வைத்துப் பேரம் பேசலாம் என்பார்கள். இந்தோனேசியா நிக்கல் தாதுவை அப்படியே ஏற்றுமதி செய்வதை 2020 இல் தடைசெய்து, உருக்காலைகளைத் தன் மண்ணுக்கு வரவழைத்தது. பெரும்பாலும் சீன முதலீடு. ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு 2022 இல் வென்றது. இந்தோனேசியா மேன்முறையீடு செய்தது, மேன்முறையீட்டுச் சபையில் நீதிபதிகளே இல்லாததால் வழக்கு அப்படியே தொங்குகிறது. இது ஒரு நாடு துணிந்து எடுத்த வெற்றிகரமான பேரம், அந்த உருக்காலைகளைச் சுற்றியுள்ள கடலையும் காட்டையும் மறந்துவிட்டால். புல்மோட்டையில் எங்கள் கனிய மணலும் பல தசாப்தங்களாகப் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறுகிறது, உண்மைதான். ஆனால் நிக்கலில் இந்தோனேசியா உலகில் முதலிடத்து உற்பத்தியாளர், அந்த மணலில் உள்ள இல்மனைற் என்ற கனியத்தில் நாங்கள் ஒரு மூலை. தடைபோட்டால் வாங்குகிறவன் வேறு கடைக்குப் போவான்.

எங்களிடம் உண்மையில் இருந்தது இடமும் கையும். கையைப் பற்றிச் சொல்வதென்றால் ஆடைத்தொழில். 1978 இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தபோது வெளிநாட்டுக் கம்பனிகள் வந்தது எங்கள் அழகைப் பார்த்து இல்லை. அமெரிக்காவும் ஐரோப்பாவும் நாடுவாரியாக ஆடை ஒதுக்கீடு வைத்திருந்தன. ஹொங்கொங் போன்ற இடங்களின் ஒதுக்கீடு நிரம்பிவிட்டது, எங்களுடையது காலியாக இருந்தது. 2005 ஜனவரி 1 ஆம் திகதி அந்த ஒதுக்கீட்டு முறை முடிந்தது. கதவு மூடினால் எல்லாம் பங்களாதேஷுக்கும் சீனாவுக்கும் போய்விடும் என்று கொழும்பில் பேசாத ஆள் இல்லை. சிறிய தொழிற்சாலைகள் பல மூடியும் போயின. ஆனால் வெளிநாட்டு வாங்குனரோடு கூட்டு முயற்சியாக உள்ளாடை, நீச்சலுடை என்று கடினமான வேலைக்கு இறங்கியவர்கள், வடிவமைப்பையும் துணித் தொழில்நுட்பத்தையும் இங்கேயே கற்றுக்கொண்டவர்கள் நின்றார்கள். பிறகு அவர்களே விசாகப்பட்டினத்துக்கும் ஜோர்தானுக்கும் போய்த் தொழிற்சாலை போட்டார்கள். அரசாங்கங்கள் கையெழுத்திட்ட எந்தப் பிரகடனத்தையும் விட இது எனக்குப் பெரிய கூட்டாண்மையாகத் தெரிகிறது. வாங்குனர் நாளைக்கு விலகினாலும் கற்றது இங்கே இருக்கிறது.

உடன்படிக்கைகளுக்கு வருவோம், இது என் சொந்தத் தொழில் என்பதால் கொஞ்சம் நீளும். இந்திய–இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. முகப்பில் பார்த்தால் தாராளம்: இந்தியா தன் பக்கத்தைச் சீக்கிரம் திறக்கும், எங்களுக்குக் கூடிய கால அவகாசம். பின்னிணைப்பைத் திறந்தால் தேயிலைக்கு ஆண்டுக்கு 15 மில்லியன் கிலோ உச்சவரம்பு, ஆடைக்கு 8 மில்லியன் துண்டு. அதிலும் பெரும்பங்கு தொடக்கத்தில் இந்தியத் துணியில் தைத்திருக்க வேண்டியிருந்தது. முதல் ஆண்டுகளில் குறிப்பிட்ட சில துறைமுகங்கள் வழியாகத்தான் போகலாம். தமிழ்நாட்டுக்கு ஆடை அனுப்ப நினைத்த ஒரு சிறு உற்பத்தியாளருக்கு நான் இதை விளக்கியபோது, அவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தீர்வையைக் கட்டியே அனுப்புகிறேன் என்றார். பொருளின் பெறுமதியில் 35 வீதம் இங்கே சேர்ந்திருக்க வேண்டும் என்ற விதியை நிரூபிப்பதற்கான கடதாசிச் செலவே சலுகையைத் தின்றுவிடுகிற பொருட்கள் உண்டு.

அதே உடன்படிக்கையில் மறுபக்கமும் நடந்தது. இந்தியா பாம் எண்ணெய்க்குக் கடும் தீர்வை வைத்திருந்தது, நாங்கள் குறைவாக வைத்திருந்தோம். உடனே இந்திய முதலீட்டாளர்களே இங்கே வந்து அந்த எண்ணெயில் வனஸ்பதி செய்யும் தொழிற்சாலை போட்டு, இங்கிருந்து தீர்வையில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். செம்பிலும் இதே கதை. சில ஆண்டுகளுக்கு எங்கள் ஏற்றுமதிப் புள்ளிவிபரம் வானத்துக்குப் போனது. அமைச்சர்கள் வரைபடத்தைக் காட்டி மகிழ்ந்தார்கள். இந்தியத் தொழிற்சாலைக்காரர் கூச்சல் போட்டதும் டெல்லி கட்டுப்பாடு விதித்தது, தன் தீர்வையையும் மாற்றியது. இங்கே கொட்டகைகள் பூட்டப்பட்டன. இரண்டு நாட்டுத் தீர்வைக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் கட்டிய தொழில், இடைவெளி மூடியதும் போய்விட்டது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, அங்கே கற்றுக்கொள்ளத்தான் எதுவும் இருக்கவில்லை.

ஐரோப்பிய ஜி.எஸ்.பி. பிளஸ் வேறு இனம். அது உடன்படிக்கையே இல்லை, ஒருதலையான தீர்வைச் சலுகை, கொடுத்தவர் எடுக்கலாம். 2005 இல் கிடைத்தது, 2010 ஓகஸ்டில் பறிபோனது, 2017 மேயில் திரும்பியது. 2010 இல் எடுத்ததற்கு அவர்கள் சொன்ன காரணம் மூன்று மனித உரிமைச் சாசனங்களை நடைமுறைப்படுத்தாதது: குடியியல் அரசியல் உரிமைகள், சித்திரவதைக்கு எதிரானது, சிறுவர் உரிமைகள். எங்கள் தமிழ் ஆட்களுக்குள் இதில் இரண்டு கட்சி உண்டு. உலகத்தில் யாராவது ஒருவர் கேட்டார்களே என்று நிம்மதிப்பட்டவர்கள் ஒரு பக்கம். கொழும்பில் முடிவெடுத்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, தையல் மேசையில் இருந்த பெண்ணுக்குத்தான் மேலதிக நேர வேலை போயிற்று என்பவர்கள் மறுபக்கம். இரண்டிலும் உண்மை இருக்கிறது, நான் இரண்டாவது பக்கம் கொஞ்சம் சாய்வேன், அதுவும் கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்த பிறகு. ஆனால் வர்த்தகத்துக்கு நிபந்தனை போடவே கூடாது என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியாது. அந்தச் சலுகைக்கு நிபந்தனையான 27 சாசனங்களிலும் கையெழுத்துப் போட்டது நாங்களே.

பழைய வல்லரசு என்றால் விதிப்படி நடக்கும், புதியது என்றால் இஷ்டப்படி நடக்கும் என்ற நம்பிக்கை எஞ்சியிருந்தால், 2025 ஏப்ரல் அதைத் தீர்த்து வைத்தது. அமெரிக்கா ஒரே அறிவிப்பில் இலங்கைப் பொருட்களுக்கு 44 வீதத் தீர்வை என்றது. ஜூலையில் 30 என்றது. ஓகஸ்டில் 20 இல் நின்றது. எங்கள் ஆடையின் ஆகப் பெரிய தனிச் சந்தை அது.

இனி அம்பாந்தோட்டை. இங்கே உறுதியானதையும் வாதத்துக்குரியதையும் பிரித்தே பேச வேண்டும். உறுதியானவை இவை: துறைமுக எண்ணம் சீனா கொண்டுவந்தது இல்லை, கனடிய, டென்மார்க் நிறுவனங்களின் ஆய்வுகள் அதற்கு முன்பே இருந்தன. 2007 இல் சீன அரசின் எக்சிம் வங்கி முதல் கட்டத்துக்கு 307 மில்லியன் டொலர் கொடுத்தது, வட்டி 6.3 வீதம். 2010 இல் திறந்தது, கப்பல் வரவில்லை, கடன் தவணை வந்தது. 2017 இல் சைனா மேர்ச்சன்ட்ஸ் கம்பனிக்கு 99 ஆண்டுக் குத்தகை, 1.12 பில்லியன் டொலர். அந்தப் பணம் துறைமுகக் கடனை அடைக்கப் போகவில்லை, அந்நியச் செலாவணிக் கையிருப்பில் சேர்ந்தது. கடன் அரசாங்கத்தின் தலையில் அப்படியே இருந்தது. ஆகவே "கடனுக்காகத் துறைமுகத்தைப் பறித்தார்கள்" என்ற வாக்கியம் கணக்குப் புத்தகத்தில் நிற்காது. சீனா ஆரம்பத்திலிருந்தே திட்டம் போட்டதா, முதலில் இந்தியாவிடம் கேட்டு அவர்கள் மறுத்தார்களா என்பவை வாதத்துக்குரியவை. அதைப் பற்றி ஒவ்வொரு அரசியல்வாதியும் தனக்குத் தோதான கதை வைத்திருக்கிறார். என் தீர்ப்பு இதுதான்: போட்டி விலைமனு இல்லாமல், கப்பல் வருமா என்ற கணக்கை மெத்தனமாகப் போட்டு, ஒரு தேர்தல் தொகுதியை மனதில் வைத்துக் கட்டினால், கடன் கொடுத்தது பீஜிங் ஆனாலும் பாரிஸ் ஆனாலும் முடிவு அவ்வளவு மாறியிருக்காது.

இதற்கு எதிர் உதாரணமும் அதே கம்பனியிடமே இருக்கிறது. கொழும்புத் துறைமுகத்தில் தெற்கு முனையம் 2013 இல் வேலை தொடங்கியது. 85 வீதம் சைனா மேர்ச்சன்ட்ஸ், 15 வீதம் துறைமுக அதிகாரசபை, 35 ஆண்டுகளில் எங்களிடம் திரும்பும். அது நன்றாக ஓடுகிறது, அதிகாரசபைக்கு வருமானமும் வருகிறது. ஏன்? கொழும்பில் கப்பல் முன்பே இருந்தது. ஆழமான முனையம் வேண்டும் என்று கப்பல் கம்பனிகளே கேட்டுக்கொண்டிருந்தன. பங்காளி ஒன்றே, விளைவு இரண்டு. "யாரோடு" என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள ஆக நேரடியான பதில் இந்த இரண்டு துறைமுகங்களும்தான்.

கிழக்கு முனையத்தில் நாங்கள் வேறு விதமாகச் சறுக்கினோம். 2019 மேயில் இந்தியா, ஜப்பானோடு சேர்ந்து அதை நடத்துவதாக ஒத்துழைப்பு ஆவணத்தில் கையெழுத்திட்டோம். 2021 பெப்ரவரியில் தொழிற்சங்கங்கள் கொதித்ததும் அதை விட்டுவிட்டு, மேற்கு முனையத்தைத் தருகிறோம் என்றோம். இந்தியாவின் அதானி குழுமம் 51 வீதம், இலங்கைக் கம்பனி ஜோன் கீல்ஸ் 34, அதிகாரசபை 15. அது 2025 ஏப்ரலில் இயங்கத் தொடங்கியது. அடுத்த மாதமே கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டது. அதை நடத்துவதும் அதானி. கொழும்பில் இறங்கி ஏறும் கொள்கலன் பெட்டிகளில் பெரும்பகுதி இந்தியாவுக்குப் போகிறவை, வருகிறவை. அப்படியிருக்க, போட்டித் துறைமுகத்தை வைத்திருப்பவர் எங்கள் முனையத்திலும் பெரும்பங்காளி என்பது எங்களுக்குப் பாதுகாப்பா ஆபத்தா? கப்பல் தொழிலில் இருக்கும் நண்பர்களே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். சொந்தக் காசு போட்டவர் தன் முனையத்தைப் பட்டினி போடமாட்டார் என்பது ஒரு வாதம். எந்தப் பெட்டி எங்கே போவது என்ற தீர்மானம் இனிக் கொழும்பில் எடுக்கப்படாது என்பது மற்றது. இன்னும் ஐந்தாறு ஆண்டு கழித்துத்தான் இதற்குப் பதில் தெரியும்.

இலகு ரயில்தான் எனக்கு ஆக வலிக்கிற கதை. மாலபேயிலிருந்து கோட்டைக்கு. 2019 மார்ச்சில் ஜப்பான் கடன் உடன்படிக்கை: வட்டி 0.1 வீதம், திருப்பிக் கட்ட 40 ஆண்டு, அதில் முதல் 12 ஆண்டு சலுகைக் காலம். இதை விட நல்ல நிபந்தனை எந்த நாட்டிடமும் கிடைக்காது. 2020 செப்டெம்பரில் எங்கள் அரசாங்கம், செலவு கூட என்று சொல்லி, ஒரு கடிதத்தில் அதை நிறுத்தியது. இரண்டு வருடம் கூடக் கழியவில்லை, 2022 ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தோம். அப்போது கடன் கொடுத்த நாடுகளின் குழுவுக்கு இந்தியா, பிரான்ஸோடு இணைத் தலைமை வகிக்க வந்தது அதே ஜப்பான். அவர்கள் பழையதைச் சொல்லிக் காட்டவில்லை. ஆனால் பெரிய திட்டம் ஒன்றோடு ஜப்பானியக் கம்பனி திரும்பக் கொழும்புக்கு வரும்போது, அரசாங்கம் மாறினால் என்ன ஆகும் என்ற ஆபத்தை விலையில் சேர்த்துத்தான் வரும். மன்னாரிலும் பூநகரியிலும் சேர்த்து 484 மெகாவாட் காற்றாலைத் திட்டத்திலிருந்து 2025 பெப்ரவரியில் அதானி விலகியதிலும் இதன் சாயல் உண்டு. அங்கே மறுபேச்சுக் கேட்டதற்கு நியாயம் இருந்தது என்பேன். போட்டி விலைமனு இல்லாமல், பறவைகளின் வழியில், கூடிய விலைக்குக் கொடுத்த திட்டம் அது. இலகு ரயிலுக்கு அப்படி ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

வடக்கில் நடந்த ஒன்றைக் கொழும்பில் அதிகம் பேசுவதில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளி, காற்று மின்சாரம் கொடுக்க ஆசிய அபிவிருத்தி வங்கிப் பணத்தில் திட்டம். 2021 தொடக்கத்தில் விலைமனுவில் ஒரு சீனக் கம்பனி தெரிவாகியது. இராமேஸ்வரத்துக்கு இவ்வளவு கிட்டவா என்று இந்தியா எதிர்த்தது. ஆண்டு முடிவில் "மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலை" என்று சொல்லிச் சீனத் தரப்பு இடைநிறுத்தியது. 2022 மார்ச்சில் இந்தியா நன்கொடையாக அதைச் செய்துதருவதாக ஒப்பந்தம் போட்டது. ஒரு வகையில் இலாபம்தான், கடன் நன்கொடையாக மாறியது. ஆனால் மின்பிறப்பாக்கிக்கு டீசல் வரப் படகைப் பார்த்திருக்கும் தீவுச் சனத்துக்கு அந்த இழுபறியால் போனது காலம். பெரிய இரண்டுக்கும் நடுவில் இருந்துகொண்டு இரண்டிடமும் வாங்கலாம் என்பது கெட்டித்தனமான கொள்கையாகக் கேட்கும். அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பதை அந்த மூன்று தீவுகளில் கேட்டுப் பாருங்கள்.

பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாபிரிக்கா முதலிய நாடுகளின் பிரிக்ஸ் கூட்டணி பற்றியும் கேட்டிருந்தீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதைச் சுற்றிச் சத்தம் கூட, சரக்குக் குறைவு. பழைய அமைப்புகள் வளர்ந்தவர்களுக்கு இடம் கொடுக்கப் பஞ்சிப்பட்டன என்பது உண்மை. சர்வதேச நாணய நிதியத்தில் அமெரிக்காவுக்கு 16 வீதத்துக்கு மேல் வாக்கு, முக்கிய மாற்றங்களுக்கு 85 வீதம் வேண்டும். கணக்கை நீங்களே போடுங்கள். 2010 இல் ஒத்துக்கொண்ட பங்குச் சீர்திருத்தம் அமெரிக்கக் காங்கிரஸில் கிடந்து 2016 இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதே காலத்தில்தான் புதிய வங்கிகளும் பிறந்தன. பிரிக்ஸ் நாடுகளின் புதிய அபிவிருத்தி வங்கியில் ஆரம்ப ஐந்து நாடுகளுக்கும் சம பங்கு. ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கியில் சீனாவுக்கு நாலில் ஒரு பங்குக்கு மேல் வாக்கு, அதாவது நாணய நிதியத்தில் அமெரிக்கா வைத்திருக்கும் அதே தடுப்புச் சக்தி. பழையவரைப் பார்த்துத்தானே புதியவர் வீடு கட்டுகிறார். சேர்வதில் எங்களுக்கு நட்டமில்லை. சேர்ந்ததும் கடன் மலிவாகும் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

2022 நெருக்கடியில் இதெல்லாம் ஒரே மேசைக்கு வந்தது. சரியாகச் சொன்னால் மூன்று மேசைகளுக்கு, அதுதான் சிக்கலே. இந்தியா எரிபொருள், மருந்து, உணவு என்று ஏறக்குறைய 4 பில்லியன் டொலர் அளவுக்குக் கைகொடுத்தது. வரிசையில் நின்றவர்களுக்கு அது மறக்காது. பிறகு பேச்சு. ஜப்பான், இந்தியா, பிரான்ஸ் தலைமையில் ஒரு குழு. சீனா அதற்குள் வராமல் தனியாக. எங்கள் அரசாங்கம் உலகச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்களான பன்னாட்டுப் பிணைமுறிகளை வைத்திருந்த தனியார் நிதியங்கள் இன்னொரு பக்கம். 2024 ஜூன் 26 இல் குழுவோடு 5.8 பில்லியனுக்கும் சீன எக்சிம் வங்கியோடு 4.2 பில்லியனுக்கும் உடன்பாடு. பிணைமுறிக்காரரோடு, ஏறக்குறைய 12.5 பில்லியனுக்கு, டிசம்பரில்தான் முடிந்தது. இந்த மூன்று எண்களையும் திரும்பப் பாருங்கள். சீனக் கடன், இந்தியக் கடன் என்று தெருவில் சண்டை பிடித்தோம். ஆகக் கூடிய கடன் கொடுத்தவர் முகமே இல்லாத சந்தை. அதற்குத் தூதரகம் கிடையாது, ஜனாதிபதி தொலைபேசியில் கூப்பிட்டுப் பேச ஆளும் கிடையாது.

ஆக, ஏமாற்றப்பட்டோமா என்றால், சில இடங்களில் எங்களை விட நன்றாகத் தயாராகி வந்தவர்களிடம் தோற்றோம். கெடுத்துக்கொண்டோமா என்றால், பல இடங்களில் ஆம். அடுத்த முறை கொழும்பில் யாராவது பெரியவர் விமானத்தில் வந்திறங்கி ஆறேழு புரிந்துணர்வு உடன்படிக்கைகளில் கையெழுத்தாகும்போது, தலைப்பை விட்டுவிட்டு நான் தேடுவது இவற்றைத்தான்: விலைமனு கோரினார்களா, வேலை முடிந்ததும் அதை நடத்தத் தெரிந்தவர் எத்தனை பேர் இங்கே மிஞ்சுவார்கள், வருமானம் ரூபாயிலும் கடன் டொலரிலும் இருக்கிறதா, பிணக்கு வந்தால் எந்த நகரத்தில் வழக்கு, எதிர்க்கட்சியிடம் காட்டினார்களா. கடைசியில் சொன்னதை அலட்சியப்படுத்தாதீர்கள். இங்கே திட்டங்களைக் கொன்றது பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர் இல்லை, அடுத்த அரசாங்கம். வாசகம் வெளியிடப்படவே இல்லை என்றால் அதையே ஒரு பதிலாக எடுத்துக்கொள்வேன்.

அடிக்குறிப்பாக, இந்தத் துறைக்கு வருவதற்குச் சீன மொழி படிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். படியுங்கள், கெட்டுப்போகாது. ஆனால் அதற்கு முதல் சுங்கத்தின் பொருட் குறியீட்டு எண்களையும் ஒரு கடன் உடன்படிக்கையையும் முழுமையாக வாசிக்கப் பழகுங்கள், கணக்கியலில் ஒரு அடிப்படைப் பாடமாவது எடுங்கள். சிங்களத்தில் கடிதம் எழுத வராவிட்டால் அதையும் உடனே சரிசெய்யுங்கள். அமைச்சுக் கோப்புகளில் ஓரத்தில் எழுதும் குறிப்புகள் பெரும்பாலும் அந்த மொழியில்தான் இருக்கும், தீர்மானமும் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் எழுதப்படுகிறது.